மென்னோட்டுக் கடல் முள்ளெலிகள்: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

மென்னோட்டுக் கடல் முள்ளெலிகள் என்பவை முட்தோலிகள் தொகுதியில் எகினோதூரியாய்டா என்னும் வரிசையைச் சேர்ந்த கடல் விலங்குகள். இவற்றின் உடலை மூடியுள்ள ஓடு மற்றக் கடல் முள்ளெலிகளின் ஓட்டைப் போல இறுகியதாக இராது. தோல் பை போல வளைந்து கொடுக்கும். நீரில் இருக்கும்போது பந்து போல அல்லது தடித்த அடை போலத் தோன்றும் இவ்விலங்கு, நீரை விட்டு வெளியே எடுத்ததும் அமுங்கித் தட்டையாகிவிடும். பெரும்பாலான இனங்கள் சில நூறு மீட்டர் முதல் சில ஆயிரம் மீட்டர் வரையிலான ஆழ்கடல் தரையில் வாழ்கின்றன. அஸ்தெனோசோமா பேரினத்தைச் சேர்ந்த சில இனங்கள் மட்டும் பவளப்பாறைகளை அடுத்த ஆழமற்ற கடலிலும் காணப்படுகின்றன.

இவ்விலங்குகளைப் பற்றிய அறிவு வளர்ந்த கதை, உயிரினங்களை வகைப்படுத்துவதில் உள்ள ஓர் அடிப்படைச் சிக்கலை விளக்குகிறது. ஓடு மென்மையாக இருந்த காரணத்தால் இவை மிகப் பழைய கால உயிர்களின் எச்சம் என்று நெடுங்காலம் கருதப்பட்டன. அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

சுண்ணப்பாறையில் கிடைத்த புதிர்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் பகுதியில் வெண்மையான சுண்ணப்பாறை அடுக்குகள் உள்ளன. கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கடலடியில் படிந்து உருவானவை இவை. இப்பாறையில் கிடைத்த ஒரு விந்தையான புதைபடிவத்தை, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சாமுவேல் பிக்வொர்த் உட்வர்ட் 1863ஆம் ஆண்டில் விவரித்து வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் எகினோதூரியா புளோரிஸ்.

அந்தப் பெயரிலேயே அவருடைய ஐயம் தெரிகிறது. 'எகினஸ்' என்பது கடல் முள்ளெலியையும் 'ஹோலோதூரியா' என்பது கடல் அட்டையையும் குறிக்கும். இரண்டையும் இணைத்து ஒரு பெயர் அமைத்தார். புதைபடிவத்தில் கடல் முள்ளெலிக்குரிய தகடுகளும் முட்களும் இருந்தன. ஆனால் அத்தகடுகள் ஒன்றோடொன்று விளிம்பில் பொருந்தி இறுகாமல், மீன் செதில்கள் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. குழாய்க் கால்கள் வெளிவரும் பட்டைகளில் தகடுகள் ஒரு திசையிலும், அவற்றுக்கு இடையே உள்ள பட்டைகளில் எதிர்த் திசையிலும் ஏறியிருந்தன. அப்போது அறியப்பட்டிருந்த உயிருள்ள கடல் முள்ளெலி எதிலும் இந்த அமைப்பு இல்லை. எனவே இது முற்றிலும் அழிந்துபோன ஒரு வகை என்றே எண்ணப்பட்டது.

ஆழ்கடலில் உயிர் உண்டா?

இதே காலத்தில் இயற்கை அறிவியலாளர்களிடையே வேறொரு விவாதமும் நடந்துகொண்டிருந்தது. எட்வர்ட் போர்ப்ஸ் என்னும் ஆய்வாளர் 1840களின் தொடக்கத்தில் ஏஜியன் கடலின் அடித்தரையை வலையால் வாரிப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிரினங்கள் குறைந்துகொண்டே போயின. இதை வைத்து, ஏறத்தாழ 300 பாகத்துக்கு, அதாவது 550 மீட்டருக்குக் கீழே உயிர்கள் இரா என்று அவர் கருதினார். அவ்வளவு அழுத்தமும் இருளும் குளிரும் உள்ள இடத்தில் எதுவும் வாழ முடியாது என்று தோன்றியதால் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

இதைச் சோதிக்கப் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களை அறிவியலாளர்களுக்கு அளித்தது. 1868இல் லைட்னிங் என்ற கப்பலும், 1869இல் போர்க்குபைன் என்ற கப்பலும் புறப்பட்டன. சார்லஸ் வைவில் தாம்சன், வில்லியம் கார்பெண்டர், ஜான் க்வின் ஜெப்ரிஸ் ஆகியோர் இவ்வாய்வுகளை நடத்தினர். போர்க்குபைன் கப்பலில் இருந்து பிஸ்கே விரிகுடாவில் 2,435 பாகம், அதாவது ஏறத்தாழ 4,450 மீட்டர் ஆழத்தில் வாரியபோதும் உயிர்கள் கிடைத்தன. 'உயிரற்ற ஆழ்கடல்' என்னும் கருத்து அத்துடன் வலுவிழந்தது.

1869ஆம் ஆண்டுப் பயணத்தின் பிற்பகுதியில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள கடலில் வாரு வலையை மேலே இழுத்தபோது, அதில் செந்நிறமான பெரிய கடல் முள்ளெலி ஒன்று தெரிந்தது. வலையின் பாரத்தில் அது நொறுங்கியிருக்கும் என்றே தாம்சன் எதிர்பார்த்தார். ஆனால் அது முழுமையாக வெளியே உருண்டு வந்து, தளத்தின் மீது தட்டையான அடை போல அமர்ந்தது. பிறகு மூச்சு வாங்குவது போல அதன் உடல் ஏறி இறங்கியது. ஓட்டின் மீது அலை அலையாக அசைவுகள் ஓடின. அதைக் கையில் எடுக்கவே சற்று மனத்துணிவு வேண்டியிருந்தது என்று 1873இல் வெளியான 'தி டெப்த்ஸ் ஆஃப் தி சீ' என்ற தம் நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

கப்பலின் தலைவர் கால்வர் என்பவரின் பெயரால் அதற்குக் கால்வேரியா ஹிஸ்ட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்டது. அப்பயணங்களில் கிடைத்த இன்னொரு மென்னோட்டு இனம் போர்மோசோமா பிளாசென்டா. தகடுகள் ஏறியிருக்கும் முறையை ஆராய்ந்த தாம்சன், இவை உட்வர்ட் விவரித்த சுண்ணப்பாறைப் புதைபடிவத்தின் உறவினங்கள் என்று உணர்ந்தார். 1872இல் எகினோதூரிடே என்னும் குடும்பத்தை அவர் ஏற்படுத்தினார். அழிந்துபோனது என்று கருதப்பட்ட ஒரு வகையின் உறவினங்கள் உயிருடன் கிடைத்துவிட்டன.

இதற்கு முன்பே, 1868இல், ஜெர்மானிய விலங்கியலாளர் அடால்ப் எடுவர்ட் குரூபே இதே வகையைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு அஸ்தெனோசோமா வேரியம் என்று பெயரிட்டிருந்தார். 'வலுவற்ற உடல்' என்பது அஸ்தெனோசோமா என்ற சொல்லின் பொருள். எனவே உயிருள்ள மென்னோட்டு முள்ளெலிக்கு முதலில் பெயரிட்டவர் குரூபேதான். ஆயினும் அதன் முக்கியத்துவம் பரவலாக உணரப்பட்டது தாம்சனின் கண்டுபிடிப்புக்குப் பிறகே.

உடல் அமைப்பு

சாதாரணக் கடல் முள்ளெலியின் ஓடு சுண்ணாம்புத் தகடுகளால் ஆனது. தகடுகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி, தைத்தது போல இறுகியிருக்கும். மென்னோட்டு முள்ளெலிகளில் தகடுகள் மெல்லியவை. அவற்றுக்கிடையே தசையற்ற இணைப்புத் திசு உள்ளதால் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அசைய முடியும். ஓட்டின் உட்புறம் நெடுக்காக அமைந்த தசைகள் உடலின் வடிவத்தை மாற்ற உதவுகின்றன. உயிருள்ளபோது உடலினுள் நிறைந்துள்ள நீர்மமே உடலை உப்பிய நிலையில் வைத்திருக்கிறது.

முட்கள் உள்ளே வெற்றிடம் உள்ளவை. எனவே எடை குறைந்தவை. வாய் உள்ள அடிப்பக்கத்து முட்கள் பல இனங்களில் குளம்பு போன்ற வெண்மையான நுனியுடன் முடிகின்றன. மென்மையான சேற்றில் நடக்கும்போது கால் புதையாமல் இருக்க இவை துணைசெய்கின்றன. வயலில் இறங்கிய மாட்டின் குளம்பு விரிந்து பாரத்தைப் பரப்புவதுடன் இதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். போர்மோசோமா பேரினத்தில் சில முட்களின் மீது தோல் பை ஒன்று போர்த்தியிருக்கும்.

மேற்பக்கத்துச் சிறு முட்கள் பலவற்றின் நுனியில் நச்சுப் பை உள்ளது. முள் குத்தும்போது பை அழுந்தி நஞ்சு காயத்தில் இறங்குகிறது. தீப்பட்டது போன்ற எரிச்சல் உண்டாவதால் அஸ்தெனோசோமா இனங்களை 'நெருப்பு முள்ளெலி' என்று அழைக்கின்றனர். இந்த நச்சு முட்களுக்கு நடுவே பாதுகாப்பாகக் குடியிருக்கும் உயிர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இருந்து 1975இல் விவரிக்கப்பட்ட கோல்மன் இறால் அவற்றுள் ஒன்று. இது பெரும்பாலும் இணையாக நெருப்பு முள்ளெலியின் மீது வாழும்.

திருகோணமலை ஆய்வு

ஆழ்கடலில் இருந்து வரும் மாதிரிகள் பெரும்பாலும் கிழிந்தும் அமுங்கியும் வந்ததால் உள்ளுறுப்புகளை ஆராய்வது கடினமாக இருந்தது. கரையோரத்தில் வாழும் இனம் ஒன்று இக்குறையைத் தீர்த்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் சராசின், பிரிட்ஸ் சராசின் என்னும் உறவினர் இருவர் 1880களில் இலங்கையில் தங்கி ஆய்வு செய்தனர். திருகோணமலைக் கடலில் கிடைத்த மென்னோட்டு முள்ளெலியை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அதற்கு அவர்கள் அஸ்தெனோசோமா யூரென்ஸ் என்று பெயரிட்டனர். 'யூரென்ஸ்' என்றால் எரிக்கின்ற என்று பொருள்.

முட்களில் உள்ள நச்சுப் பைகளையும், ஓட்டின் உட்புறத் தசைகளையும் அவர்கள் விரிவாக விவரித்தனர். 1888இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் ஒரு படி மேலே சென்றனர். நெடுக்குத் தசைகளும் வளையும் உடலும் கடல் அட்டைகளை நினைவூட்டியதால், மென்னோட்டு முள்ளெலிகள் கடல் அட்டைகளுக்கும் கடல் முள்ளெலிகளுக்கும் இடைப்பட்டவை என்று கருதினர். உட்வர்ட் ஐயத்துடன் பெயரில் இணைத்த இரு விலங்குகளையும், சராசின்கள் வம்ச உறவாகவே இணைத்துப் பார்த்தனர். அவர்களுடைய உடற்கூற்று விவரங்கள் அறிவியலில் நிலைத்தன. இந்த வம்சக் கருத்து நிலைக்கவில்லை.

மென்மை பழமையின் அடையாளமா?

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்த சேலஞ்சர் ஆய்வுப் பயணத்தில் மேலும் பல மென்னோட்டு இனங்கள் கிடைத்தன. அவற்றை விவரித்த அலெக்சாண்டர் அகாசி 1881இல் தம் அறிக்கையை வெளியிட்டார். தாம்சனின் கால்வேரியா இனங்களை அவர் குரூபேயின் அஸ்தெனோசோமாவுக்குள் சேர்த்தார். மற்றவற்றை போர்மோசோமாவில் வைத்தார். ஏறத்தாழ எல்லா இனங்களும் இரு பேரினங்களுக்குள் அடங்கின.

டென்மார்க்கைச் சேர்ந்த தியோடர் மோர்டென்சென் இதை ஏற்கவில்லை. கடல் முள்ளெலிகளின் உடல் மீது இடுக்கி போன்ற மிகச் சிறிய உறுப்புகள் உள்ளன. உடலைத் தூய்மையாக வைக்கவும் தற்காப்புக்கும் அவை பயன்படுகின்றன. நுண்ணோக்கியில் மட்டுமே நன்கு தெரியும் அவற்றின் வடிவ வேறுபாடுகளை வைத்து, 1903இல் அவர் அராயோசோமா, ஹைக்ரோசோமா, கேம்ப்டோசோமா முதலிய புதிய பேரினங்களைப் பிரித்தார். இவ்வளவு சிறிய உறுப்பை நம்பி வகைப்படுத்தலாமா என்று அகாசி கடுமையாக மறுத்தார். ஆனால் மோர்டென்சென் பிரித்த பேரினங்கள் பலவும் இன்றுவரை வழக்கில் உள்ளன.

மேல்நிலை வகைப்பாட்டில் மட்டும் மோர்டென்சென் பழைய வழியிலேயே சென்றார். கடல் முள்ளெலிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1928 முதல் 1951 வரை பல பகுதிகளாக வெளிவந்தது. அதில் மென்னோட்டு முள்ளெலிகளை லெபிடோசென்ட்ராய்டா என்னும் வரிசையில் சேர்த்தார். லெபிடோசென்ட்ரஸ் முதலிய இவ்வரிசையின் மற்ற உறுப்பினர்கள், பேலியோசோயிக் பெருங்காலத்தில் வாழ்ந்து அழிந்தவை. அவற்றின் ஓட்டிலும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கடலின் ஆழத்தில் பழங்கால உயிர்கள் ஒதுங்கிப் பிழைத்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு அக்காலத்தில் வலுவாக இருந்தது. அந்த எதிர்பார்ப்புக்கு இந்த வகைப்பாடு பொருத்தமாகவே தோன்றியது.

ஆனால் இதற்கு எதிரான சான்று ஓட்டிலேயே இருந்தது. பேலியோசோயிக் கடல் முள்ளெலிகள் பலவற்றில், குழாய்க்கால் பட்டைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பட்டையிலும் தகடுகள் பல நிரல்களாக இருந்தன. இன்றைய கடல் முள்ளெலிகளில் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டே நிரல்கள். பத்துப் பட்டைகளுக்கும் சேர்த்து இருபது. மென்னோட்டு முள்ளெலிகளிலும் இதே இருபது நிரல்கள்தாம். அதாவது, மென்மையைப் பார்த்தால் அவை பழங்கால வகை. நிரல்களை எண்ணினால் இக்கால வகை. எந்தப் பண்பு உறவைக் காட்டுகிறது, எது வெறும் ஒற்றுமை என்பதே கேள்வி.

புவியின் வரலாறும் இங்கே முக்கியமானது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் நிகழ்ந்த பேரழிவில் கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்தது. அதைத் தாண்டிய மிகச் சில மரபுகளில் இருந்தே இன்றைய கடல் முள்ளெலிகள் அனைத்தும் தோன்றின. லெபிடோசென்ட்ரஸ் போன்றவை அப்போது பிழைக்கவில்லை.

மறு ஆய்வுகள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பற்களின் அமைப்பு, முட்களின் உள்ளமைப்பு, குழாய்க்கால் துளைகள் முதலிய பல பண்புகள் ஒருங்கே ஒப்பிடப்பட்டன. மென்னோட்டு முள்ளெலிகளின் 'அரிஸ்டாட்டில் விளக்கு' எனப்படும் வாய் உறுப்பில் பற்கள் நீளவாட்டில் பள்ளம் உடையவை. நீள முட்களைக் கொண்ட டயடெமா போன்ற கடல் முள்ளெலிகளிலும் பற்கள் இவ்வாறே அமைந்துள்ளன. இதனால் லெபிடோசென்ட்ராய்டாவுடனான தொடர்பு கைவிடப்பட்டு, மென்னோட்டு முள்ளெலிகள் எகினோதூரியாய்டா என்னும் தனி வரிசையாக இக்கால முள்ளெலிகளுக்குள் வைக்கப்பட்டன.

ஆண்ட்ரியாஸ் குரோ, ஆண்ட்ரூ ஸ்மித் ஆகிய இருவரும் 2010இல் உயிருள்ள இனங்களையும் புதைபடிவங்களையும் சேர்த்து விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். உடல் பண்புகளை அடிப்படையாகக் கொண்ட அந்த ஆய்வில், சிடாராய்டுகள் தவிர்ந்த இக்கால முள்ளெலிகளில் முதலில் பிரிந்த கிளை மென்னோட்டு முள்ளெலிகள் என்று முடிவு வந்தது. பழமை என்ற கருத்தின் ஒரு சாயல் இதிலும் எஞ்சியிருந்தது.

2018இல் மரபணுத் தொகுதிகளைப் பெரிய அளவில் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் முடிவின்படி மென்னோட்டு முள்ளெலிகள் தனித்து முதலில் பிரிந்தவை அல்ல. டயடெமா உள்ளிட்ட பள்ளப் பல் கொண்ட முள்ளெலிகளுடன் ஒரே கிளையில் அமைகின்றன. அலோடான்டா என்பது அக்கிளையின் பெயர். எனவே பேலியோசோயிக் முள்ளெலிகளோடு இவற்றை நேரடியாக இணைத்த பழைய வகைப்பாட்டுக்கு இனி இடமில்லை.

வாழ்க்கை முறை

ஆழ்கடல் இனங்கள் பெரும்பாலும் சேற்றுத் தரையில் ஊர்ந்து, மேலிருந்து வந்து படியும் கரிமப் பொருளை உண்கின்றன. மூழ்கிய கடற்பாசி, கடற்புல் ஆகியவற்றின் துண்டுகளும் சில இனங்களுக்கு உணவாகின்றன. சில இனங்கள் தரையில் கூட்டமாகக் காணப்படுவதை ஆழ்மூழ்கிக் கலங்களில் இருந்து ஆய்வாளர்கள் பார்த்துள்ளனர். ஜப்பான் கடற்பகுதியில் கிடைத்து 1907இல் விவரிக்கப்பட்ட ஸ்பெரோசோமா ஜைகாண்டியம், 30 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டம் கொண்டது. அறியப்பட்ட கடல் முள்ளெலிகளில் மிகப் பெரியது இதுவே எனக் கூறுவர்.

இவற்றின் முட்டைகள் பெரியவை. கரு வளர்வதற்கு வேண்டிய உணவு முட்டையிலேயே உள்ளது. ஜப்பானில் வாழும் அஸ்தெனோசோமா இஜிமாய் இனத்தின் முட்டை ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பல கடல் முள்ளெலிகளின் முட்டை இதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவற்றின் இளவுயிரி நீரில் மிதந்து நுண்பாசிகளைத் தின்று வளரும். மென்னோட்டு முள்ளெலியின் இளவுயிரி எதையும் தின்பதில்லை. போர்மோசோமா பிளாசென்டாவின் முட்டைகள் கொழுப்பு மிகுந்தவை என்பதால் தரையை விட்டு மேல்நோக்கி மிதந்து செல்கின்றன.

இன்றைய வகைப்பாடு

எகினோதூரியாய்டா வரிசையில் இன்று உயிருள்ளவை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன.

எகினோதூரிடே: மிகப் பெரிய குடும்பம். அஸ்தெனோசோமா, அராயோசோமா, கால்வேரியோசோமா, ஹைக்ரோசோமா, ஸ்பெரோசோமா, டிரோமிகோசோமா முதலிய பேரினங்கள் இதில் அடங்கும். தாம்சன் வியந்து பார்த்த கால்வேரியா ஹிஸ்ட்ரிக்ஸ் இப்போது கால்வேரியோசோமா ஹிஸ்ட்ரிக்ஸ் எனப்படுகிறது. இப்பேரினப் பெயரை 1934இல் மோர்டென்சென் அமைத்தார்.

போர்மோசோமடிடே: போர்மோசோமாவும் அதன் நெருங்கிய உறவினங்களும் கொண்டது.

கேம்ப்டோசோமடிடே: கேம்ப்டோசோமா என்ற ஒரே பேரினத்தைக் கொண்ட சிறிய குடும்பம், மிக ஆழமான கடலில் வாழ்பவை.

புதைபடிவங்கள் இவ்வரிசையில் மிகக் குறைவு. இறுகிய ஓடு இறந்த பின்னும் வடிவம் குலையாமல் மண்ணில் புதையும். மென்னோட்டு முள்ளெலி இறந்தால் திசு அழுகித் தகடுகள் சிதறிவிடும். கென்ட் சுண்ணப்பாறையில் எகினோதூரியாவின் தகடுகள் ஒழுங்கு குலையாமல் கிடைத்தது அரிய வாய்ப்பு. அவ்வாய்ப்பு இல்லாமல் போயிருந்தால், 1869இல் கப்பல் தளத்தில் மூச்சு வாங்கியது போல அசைந்த அந்தச் செந்நிற விலங்கை எதனுடன் ஒப்பிடுவது என்றே தாம்சனுக்குத் தெரிந்திராது.